எட்டுக் கோப்பைத் தேநீர்

"எனக்கு இது பிடிக்கும், எனக்கு அது பிடிக்காது" என்று உணவைப் பற்றி ஒவ்வொருவரும் உறுதியாகப் பேசுகிறார்கள். அந்தப் பிடித்தம் எங்கிருந்து வந்தது? தாமே தேடிக் கண்டதா, பிறர் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டதா? இப்படி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அறுபத்து நான்கு வயது வரை நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தவர் ஒரு மருத்துவர்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லி அவர் நம் அன்றாட உணவைக் கணக்கெடுத்தார். நாளொன்றுக்கு ஐந்து வேளை தேநீர். வேளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை. பத்துக் கரண்டி என்றால் ஏறத்தாழ நாற்பத்தைந்து கிராம். "ஆண்டுக்குப் பதினாறு கிலோ சர்க்கரையைத் தேநீர் வழியாகவே விழுங்குகிறீர்கள்" என்று அவர் கூறியபோது, பலசரக்குக் கடை மூட்டை ஒன்று நம் தோளில் ஏறி அமர்ந்தாற்போல் இருந்தது. அன்று மாலையே சர்க்கரையில்லாத் தேநீர் கேட்டோம். வந்தது. ஒரு மிடறு குடித்தோம். அதைத் தேநீர் என்று சொல்ல நா ஒப்பவில்லை. கசப்பு, துவர்ப்பு, பழகாத ஒரு வேக்காட்டு வாடை.

இதே தேநீரையா இத்தனை ஆண்டுகளாகப் புகழ்ந்து குடித்து வந்தோம் என்று திகைத்தோம். பின்னரே உண்மை விளங்கிற்று. நாம் விரும்பியது தேநீரை அன்று, சர்க்கரையை. சர்க்கரை என்னும் போர்வைக்குள் எத்தனையோ குறைகள் ஒளிந்து கிடந்தன. போர்வையை விலக்கியதும் அத்தனையும் வெளியே வந்துவிட்டன.

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர் நாம். "ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாறாமல் வை" என்று ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் ஓதியிருக்கிறோம். அந்தப் பாடத்தை நம் வீட்டு அடுப்படிக்கு ஒரு நாளும் கொண்டு சென்றதில்லை. இப்போது கொண்டு சென்றோம். ஒரு குறிப்பேடு, ஒரு சிறிய தராசு, நேரம் பார்க்க ஒரு கடிகாரம். இவற்றோடு நாம் அடுப்படிக்குள் நுழைந்ததைக் கண்டு நம் இல்லாள், "பள்ளிக்கூடம் இங்கே வந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதற்சோதனை நேரத்தைப் பற்றியது. நம் வீட்டு வழக்கம், தேயிலைத் தூளையும் பாலையும் நீரையும் ஒன்றாக ஏற்றிப் பொங்கப் பொங்கக் காய்ச்சுவது. நம் கடைகளில் பெரிதும் விற்பது தூளாகவோ சிறு மணிகளாகவோ உள்ள தேயிலை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் பொறி 1930 ஆம் ஆண்டையொட்டி அஸ்ஸாமில் உருவாயிற்று. அந்தப் பொறியில் வரும் மணித்தேயிலை நிறத்தையும் கடுமையையும் மிக விரைவில் நீரில் இறக்கிவிடும். அத்தகைய தூளைப் பத்து நிமிடம் கொதிக்க விடுவது, பழுத்த பழத்தை மேலும் பழுக்க வைப்பதற்கு ஒப்பாகும். முதலில் மணமும் புத்துணர்ச்சி தரும் சத்தும் இறங்குகின்றன. நேரம் செல்லச் செல்லத் துவர்ப்பே மிகுதியாக இறங்குகிறது. கொதித்த நீரில் தூளையிட்டு, அடுப்பை அணைத்து, மூடி வைத்து, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து நிமிடங்கள் என நான்கு கோப்பைகளைச் சோதித்தோம். மூன்று நிமிடக் கோப்பை நம் நாவுக்கு இசைந்தது. பாதிக் கசப்பு அன்றே நீங்கிற்று.

இரண்டாவது சோதனை நீரைப் பற்றியது. நம் தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. அந்நீரில் இட்ட தேநீர் மங்கிக் கறுத்து, மேலே எண்ணெய் படர்ந்தாற்போல் ஓர் ஏடு கட்டும். தேயிலையில் குற்றம் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அதே தேயிலையைக் குடிப்பதற்கென வாங்கும் நல்ல நீரில் இட்டபோது ஏடு இல்லை. செம்பு மெருகேறியதுபோல் நிறம் தெளிந்தது. எத்தனை கடைக்காரர்களை வீணாகக் கடிந்துகொண்டோம் என்று வெட்கம் உண்டாயிற்று.

மூன்றாவது, பால். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பாலிலுள்ள புரதம் பற்றிக்கொள்கிறது. அதனாலேயே பால் சேர்ந்ததும் நாக்கை இழுக்கும் தன்மை அடங்குகிறது. ஆனால் தேயிலை நீரில் இறங்குவதுபோல் பாலில் இறங்குவதில்லை. எனவே முதலில் நீரில் சாறு இறக்கி, வடித்து, பிறகு சூடான பாலைச் சேர்த்தோம். பழைய அளவில் பாதிப் பாலே போதுமானதாயிற்று.

நான்காவது சோதனையில் தோற்றோம். மகளின் புகுந்த வீட்டார் வந்திருந்த நாளில், நம் புதிய கல்வியைக் காட்டிவிடும் ஆசையில், பச்சை இஞ்சியைத் தட்டிக் கொதிக்காத பாலில் இட்டுச் சூடேற்றினோம். பால் திரிந்து, திப்பி திப்பியாக நின்றது. பச்சை இஞ்சிக்குப் பாலைத் திரிக்கும் ஆற்றல் உண்டு. முதலில் நீரில் இட்டு நன்கு கொதிக்க வைத்தால் அந்த ஆற்றல் அழிந்துவிடும். அடுப்படியில் வளர்ந்த பெண்கள் யாவரும் அறிந்த இதை, அறிவியல் ஆசிரியர் அறிந்திருக்கவில்லை. இல்லாள் ஒன்றும் பேசாமல் வேறு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். ஏலத்தைப் பற்றியும் அவரிடமே கற்றோம். ஏலத்தின் மணம் ஆவியோடு போய்விடும்; ஆகவே இறக்கும்போது நசுக்கிப் போட்டு உடனே மூட வேண்டும்.

சர்க்கரையையும் ஒரே நாளில் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தோம். இரண்டு மாதத்தில் சர்க்கரை முற்றும் நின்றது. அதன்பின் ஒரு திருமண வீட்டில் பழைய முறைத் தேநீரைக் குடிக்க நேர்ந்தபோது பாயசம் குடித்தாற்போல் திகட்டிற்று. நா மாறக் கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இந்த ஆராய்ச்சி நம்மை நூல்களின் பக்கமும் இழுத்துச் சென்றது. சீன நாட்டில் எட்டாம் நூற்றாண்டில் தேநீர் பற்றித் தனி நூல் எழுதிய லூ யூ என்பார், இஞ்சியும் வெங்காயமும் பழத்தோலும் சேர்த்துத் தேநீரைக் காய்ச்சும் வழக்கத்தைக் கண்டித்தார். ஆனால் தாம் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொண்டார். காஷ்மீரத்தார் இன்றும் உப்பிட்ட இளஞ்சிவப்புத் தேநீரையே விரும்புகின்றனர். மோத்திஹாரியில் 1903 இல் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946 ஜனவரியில் ஒரு மாலை நாளிதழில் நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டில்தான் பெரும்பாலோர் தம்மோடு உடன்படுவர் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். சர்க்கரை சேர்க்கக் கூடாது என்பதும் அவர் விதிகளுள் ஒன்று. நம் மருத்துவர் அறிந்தால் மகிழ்வார்.

சபர் சென்ற நம்மவர்களின் தேநீரையும் இங்கே மறக்கலாகாது. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் உணவுக் கடைகளை 'மாமாக்' கடைகள் என்பர். நம் 'மாமா' என்னும் உறவுச் சொல்லே அங்கே அப்படி ஆயிற்று. டின்னில் அடைத்த கெட்டிப்பாலைக் கலந்து, ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு உயரத் தூக்கி ஆற்றி, நுரை பொங்கத் தரும் தேநீர் அந்தக் கடைகளின் அடையாளம். இழுத்து ஆற்றுவதால் மலாய் மொழியில் அதற்குத் 'தே தாரிக்' என்று பெயர். அங்கே பல்லாண்டு வாழ்ந்து திரும்பிய நண்பர் ஒருவர், நாம் அளந்து, நேரம் பார்த்து, மூடி வைத்து எடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "நுரையில்லாத தேத்தண்ணீர் என்ன தேத்தண்ணீர்?" என்றார். அவர் நா அங்கே பழகியது.

பன்னாட்டுத் தர அமைப்பு 1980 இல் தேநீர் இறக்கும் முறை ஒன்றை வெளியிட்டது. நூறு மில்லி லிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, வெண்பீங்கான் பாத்திரம், மூடி வைத்து ஆறு நிமிடம். இதைக் கண்டு, "உலகமே ஒப்பிய சரியான தேநீர் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து அப்படியே செய்தோம். குடிக்க முடியவில்லை, அவ்வளவு கடுமை! மீண்டும் படித்தபோதுதான் புரிந்தது. அந்த முறை சுவையான தேநீருக்கு அன்று. சுவை பார்ப்பவர் ஒரு தேயிலையை மற்றொரு தேயிலையோடு ஒப்பிட்டுக் குறை காண்பதற்கு. ஒப்பிட வேண்டுமானால் மற்றவை யாவும் மாறாதிருக்க வேண்டும். எல்லார்க்கும் பொதுவான சரியான தேநீர் ஒன்று உண்டு என அந்த அமைப்பும் சொல்லவில்லை.

ஆயினும் நம் குறிப்பேட்டின் மிக முக்கியமான பக்கம் இவற்றில் எதனாலும் எழுதப்படவில்லை. அது ஓர் ஆங்கிலப் பெண்மணியின் கதையால் எழுதப்பட்டது.

1920-களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் பணியாற்றினார். ஒரு நாள் உடன் பணிபுரிந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் அறிவியலாளருக்கு அவர் தேநீர் ஒன்றை நீட்ட, அந்த அம்மையார் வேண்டாம் என்று மறுத்தார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைத் தம் நா அறியும் என்றார். உடனே ஒரு சோதனை. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க எழுபது வழிகள் உண்டு. ஆகவே ஒன்றும் அறியாதவர் குருட்டுத்தனமாகச் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. அந்த அம்மையார் எட்டையும் சரியாகச் சொன்னதாக அங்கிருந்தோர் பிற்காலத்தில் கூறியுள்ளனர். சோதனைகளை வகுப்பது எப்படி என்று ஃபிஷர் 1935 இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இச்சோதனை இடம்பெற்றது. ஆனால் அந்நூலில் அவர் பெயர் இல்லை. 'ஒரு பெண்மணி' என்ற அளவோடு நிற்கிறது.

இக்கதையை இல்லாளிடம் சொன்னோம். "இதில் என்ன அதிசயம்? பாலோடு சேர்த்துக் காய்ச்சியதையும், வடித்த பிறகு பால் ஊற்றியதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேனே!" என்றார். விடுவோமா? மறுநாள் மாலை எட்டுக் கோப்பைகளை ஆயத்தம் செய்தோம். நான்கு ஒருவகை, நான்கு மறுவகை. வரிசையைக் கலைத்து வைத்தவள் நம் மகள். சூடும் அளவும் ஒன்றே. இல்லாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுவைத்து, நான்கை வலப்புறமும் நான்கை இடப்புறமும் ஒதுக்கினார். எட்டும் சரி. எழுபதில் ஒன்று!

மகள் கை தட்டினாள். நாம் பெருமையோடு குறிப்பேட்டைத் திறந்து, "இவ்விரண்டு வகையில் உனக்கு எது பிடித்தது?" என்று கேட்டோம். எந்தப் பத்தியில் குறியிடுவது என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தோம்.

"எட்டில் ஒன்றுமே எனக்குப் பிடிக்கவில்லை" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. "பால் விட்ட தேத்தண்ணீரே எனக்குப் பிடிக்காது. உங்களுக்கு ஊற்றியபின் பாத்திரத்தில் மிஞ்சியதைக் குடிப்பேன், அவ்வளவுதான்" என்றார் அமைதியாக.

நமக்குத் திருமணமானது 1983 இல். நாற்பதாண்டுகளாக, நாளுக்கு ஐந்து முறை, அவர் கையால் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறோம். "சர்க்கரை குறைவு", "கடுப்பம் போதாது", "ஆறிவிட்டதே" என்று அத்தனை குறைகளும் கூறியிருக்கிறோம். உனக்கு எப்படி வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் சொல்லவில்லை என்றோம். "வந்த புதிதில் ஒருநாள் எனக்கென்று தனியாகப் போட்டேன். ஒரே வீட்டில் இரண்டு விதமாகப் போட்டால் மண்ணெண்ணெய் வீண் என்று மாமி சொன்னார்கள். சரியாகத்தானே சொன்னார்கள்? பிறகு பழகிவிட்டது" என்றார். மாமி என அவர் குறித்தது நம் தாயாரை. அந்நாள் வறுமையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர் அவர். அவர் மீது குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் அடுப்பு போய் எரிவாயு வந்து எத்தனை காலமாயிற்று! தாயாரும் மறைந்து இருபதாண்டு கடந்துவிட்டது. அதன் பிறகும் கேட்காதிருந்தவர் நாம்தாமே?

"பழகிவிட்டது" என்னும் அந்தச் சொல்லை நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். நம் பிடித்தம் என்று இறுமாந்திருந்தது நம் தாயார் பழக்கியது. இல்லாளுக்கோ, தம் பிடித்தம் இன்னதென்று நன்கு தெரிந்திருந்தும், பிறர் பிடித்தத்தைப் பழகிக்கொள்ள நேர்ந்தது. தன் சுவையைத் தேடுகிறேன் என்று இரண்டாண்டுகள் குறிப்பேடு நிரப்பினோமே, அதில் ஒரு பக்கமாவது அவருக்கென்று ஒதுக்கினோமா?

அவருக்குப் பிடித்தது எது? மர்ஹூமாகிய நம் மாமனார் கொழும்பில் வாணிபம் செய்து, 1970-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தகர டப்பாவில் தேயிலை கொண்டு வருவாராம். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867 இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்தபின் மலைநாடெங்கும் பரவியது. பரப்பியவை தமிழ்த் தொழிலாளர்களின் கைகள். அங்கே எளிய மக்கள் பாலின்றி இறக்கிய சாயத் தேநீரை, கித்துள் வெல்லத்தைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பர். மாமனார் அந்த வழக்கத்தைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கித்துளுக்குப் பதில் நம் பனங்கருப்பட்டி. மாலையில் திண்ணையில் அமர்ந்து, தாம் ஒரு கடி கடித்து, பக்கத்தில் நிற்கும் சிறுமிக்கு ஒரு துண்டு கொடுத்து, தம் கோப்பையிலேயே இரண்டு மிடறு குடிக்கத் தருவாராம். "அந்தத் தேத்தண்ணீரில் கோப்பையின் அடி தெரியும்" என்றார் இல்லாள்.

கோப்பையின் அடி தெரிய வேண்டும். இதைவிடத் தெளிவான அளவுகோலை எந்தத் தர அமைப்பும் வகுத்துவிட முடியாது.

குறிப்பேட்டில் புதிய பக்கம் தொடங்கினோம். வீட்டிலிருந்த தூளில் முதலில் இறக்கினோம், பால் இல்லாமையால் கடுமை தாங்கவில்லை, அடியும் தெரியவில்லை. தூள் குறைத்தோம், நிறம் குறைந்தது, மணம் இல்லை. அப்போதுதான் இலைத்தேயிலையின் நினைவு வந்தது. நசுக்கிக் கிழிக்காமல், சுருட்டி உலர்த்திய இலை மெல்லத்தான் இறங்கும். ஆனால் மணம் மிகுதி. நீலகிரியின் உயரத்தில் விளைந்த இலைத்தேயிலை வாங்கி வந்தோம். தூளை அளந்த அதே கரண்டியால் இலையை அளந்து மீண்டும் பிழை செய்தோம். ஒரு கரண்டித் தூளின் எடையும் ஒரு கரண்டி இலையின் எடையும் ஒன்றல்ல. தராசு கைகொடுத்தது. இருநூறு மில்லி லிட்டர் நீருக்கு மூன்று கிராம் இலை; மூடி வைத்து நான்கு நிமிடம். ஐந்தாம் நாள் வடித்து நீட்டினோம். கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி.

இல்லாள் கோப்பையைச் சற்றுச் சாய்த்து உள்ளே பார்த்தார். கருப்பட்டியைக் கடித்தார், ஒரு மிடறு குடித்தார். "வாப்பா போட்டது போல இல்லை" என்றார். நம் முகம் வாடியதைக் கண்டிருக்க வேண்டும். "ஆனால் இது எனக்குப் பிடித்திருக்கிறது" என்றார். அன்று அவர் முழுக் கோப்பையையும், சூடு ஆறும் முன்பே, உட்கார்ந்து குடித்தார். அடுப்படியில் நின்றபடியே குடித்துப் பழகியவர் அவர்.

மறைந்தவர் கைச்சுவையை நாம் மீட்டுவிட முடியாது; அந்தத் திண்ணையும் அந்தச் சிறுமியின் வயதும் இல்லாமல் அது வாராது. ஆனால் உயிரோடு நம் பக்கத்தில் இருப்பவருக்குப் பிடித்ததைத் தேடிவிட முடியும். அதற்கு வேண்டுவன சிறிது தேயிலை, சிறிது பொறுமை, ஒரு கேள்வி.

வாசக நேயர்கள் தம் தேநீரைத் தாமே சோதித்தறிய விரும்பினால், நாம் கண்டவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். நல்ல நீரை எடுங்கள். கரண்டியால் அளப்பதினும் எடையால் அளப்பது நன்று. தூளுக்கு நேரம் குறைவு, இலைக்கு நேரம் மிகுதி. இஞ்சியை நீரில் கொதிக்கவிட்ட பின்னரே பாலைக் காட்டுங்கள். சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். உண்ட உடனே தேநீர் பருகாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்பு தடுக்கும். சோகையுள்ள பெண்களுக்கு இது மிக முக்கியம். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தேநீர் போடுபவரை முதலில் கேளுங்கள்.

இப்போது காலையில் நம் வீட்டில் இரண்டு பாத்திரங்கள் ஏறுகின்றன. நமக்குரியதை இல்லாள் இறக்குகிறார். அவருக்குரியதை நாம் இறக்குகிறோம். சென்ற வாரம் நேரம் பார்க்க மறந்து செய்தித்தாளில் மூழ்கிவிட்டோம். ஒரு மிடறு குடித்தவர் கோப்பையை நம் பக்கம் நகர்த்தி, "இன்று அடி தெரியவில்லை, வேறு போடுங்கள்" என்றார்.

நாற்பதாண்டுகளில் நம் வீட்டுத் தேநீரைப் பற்றி அவர் கூறிய முதற்குறை அது. குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைத்துவிட்டு, மகிழ்ச்சியோடு எழுந்துபோய் மீண்டும் நீரை ஏற்றினோம்.